நாங்க அஞ்சு பேர்

குடுவைக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தாள் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். கை சிங்க்கில், காது பின்னால்.

"நாங்க அஞ்சு பேரும் பார்த்துட்டோம். பாக்டீரியா நல்லா வளருது," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள் மாணவி.

அஞ்சு பேரா? மற்ற நாலு பேரும், இது வேலைக்கு ஆகாதென்று கழன்றுகொண்டு மாசக்கணக்காகிறது. படித்த பெண், வாயைத் திறந்தால் பொய்!

போன் ஓய்ந்ததும் ஃப்ரிட்ஜ் முனகுவது மட்டும் கேட்டது. அந்த லேபில் இவர்கள் ரெண்டே பேர்தான். மத்தியானம் அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள், இவள் சிங்க்கைப் பார்த்து. பேச்சே கிடையாது.

"அக்கா..."

அக்காவா? இத்தனை நாளில் முதல் தடவை.

"தண்ணியில விஷம் இருந்தா நிறம் மாறுற பாக்டீரியா பண்றோம்க்கா. விஷத்தைக் கண்டுபிடிக்கிறது எங்க பாதி. நிறம் காட்டுறது இன்னொரு காலேஜ் டீமோட பாதி. ரெண்டையும் சேர்க்க அவங்க இப்ப வர்றாங்க."

"வரட்டுமே பாப்பா."

"நான் ஒருத்திதான்னு தெரிஞ்சா, இதெல்லாம் ஒரு டீமான்னு திரும்பிப் போயிடுவாங்க. வேலையே நின்னுடும். ஒரு வெள்ளைக் கோட் மாட்டிக்கிட்டுச் சும்மா நில்லுங்கக்கா."

"ஐயோ, ஏதாவது கேட்டுட்டா?"

"தலையை மட்டும் ஆட்டுங்க."

"மீதி மூணு பேர்?"

"காய்ச்சல்."

"மூணு பேருக்குமா?"

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை வாங்கினாள். வீட்டில் விட்டுவந்த பிள்ளை இந்தக் கோலத்தைப் பார்த்தால் ஊசி போடுகிறவள் என்று அலறும்.

மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு வந்தாள். பின்னால் கோட் போட்ட ஒருத்தி, கைகளைப் பைக்குள் விட்டபடி.

"நாங்க எட்டு பேர். மத்தவங்களுக்குப் பரீட்சை," என்றாள் ஐஸ் பெட்டிக்காரி.

"எங்க ஆளுங்களுக்குக் காய்ச்சல்."

மாணவிகள் மேஜையில் தலையோடு தலை முட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கோட் போட்ட ரெண்டு பேரும் சிங்க் ஓரம். கூட வந்தவள் எதையாவது கேட்டுத் தொலைத்துவிடுவாளோ என்று இவள் முன்கூட்டியே தலையை ஆட்டிவைத்தாள். எட்டு பேராம்! பாவம், நம்ம பாப்பா ஒண்டியாக.

அவசரத்தில் இவள் ஒரு குடுவையை ஈரத்தோடு நிமிர்த்தி வைத்திருந்தாள். வந்தவள் அதையே பார்த்தாள். பொறுக்கவில்லை போலும். பைக்குள்ளிருந்து கையை எடுத்து, ஒரு உதறு உதறி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த விரல்கள் சோப்புத் தூளில் ஊறி வெளுத்து, இடுக்கெல்லாம் வெடித்திருந்தன.

இவள் தன் கையைப் பார்த்தாள். வந்தவளும் பார்த்தாள்.

இவள் மெல்லக் குனிந்து கேட்டாள்: "அப்ப உங்க பக்கமும் ஒரே ஒரு..."

"அக்கா!" என்று ரெண்டு மாணவிகளும் ஒரே குரலில் கூப்பிட்டார்கள். "வாங்க, ரெண்டு டீமும் சேர்ந்து ஒரு போட்டோ!"