பிற்பாட்டு இல்லாத மேடை

லண்டனில் ஓர் இசைநாடக அரங்கின் உச்சி வரிசை. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடைக்கு நடுவே, பலகை வாங்கின் நுனியில் பூபாலபிள்ளை உட்கார்ந்திருக்கிறான். மட்டக்களப்பு வாவிக்கரைப் பழுகாமத்திலிருந்து சங்கீதம் படிக்க வந்தவன்; கப்பலேறிய நாள்முதல் இந்த இரவுக்காகவே ஆசைப்பட்டவன். கீழே, கிணற்றுக்குள் விழுந்த வெயில் போன்ற வெளிச்சத்தில், அரசி வேடக்காரி தனியே நின்று பாடுகிறாள். உச்சத்தில் அவள் குரல் கிழிகிறது. மறுபடி எடுக்கிறாள், காற்றுத்தான் வருகிறது. வயலின்கள் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. அவள் கை தொண்டைக்குப் போகிறது. ஊர்க் களரியில் கூத்தாடுபவன் தடுமாறினால் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் அந்த அடியை ஏந்திக்கொள்வார், பிற்பாட்டுக்காரர் சேர்வார்கள், சுற்றி நிற்கும் சனமும் பாடும். இங்கே அத்தனை பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூபாலபிள்ளை வகுப்பில் பாடமாக்கிய பாட்டுத்தான் அது. தன்னையறியாமல், அவள் விட்ட அடியை எடுத்து உரக்கப் பாடிவிடுகிறான். வெள்ளை முகங்கள் ஒருசேரத் திரும்புகின்றன. கீழே அவளும் அண்ணாந்து பார்க்கிறாள், அறை வாங்கியவளைப் போல. பக்கத்திலிருக்கும் ஊர்க்காரன் சாமித்தம்பி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறான். “வாயப் பொத்து மச்சான். இஞ்ச ஒருத்தரும் கூடப் பாடமாட்டாங்க.” “அப்ப, குரல் போனா?” “போனா போனதுதான்.” திரை இறங்குகிறது. மாசியில் பூபாலபிள்ளைக்கு மேடைப் பரீட்சை. என்னையும் இப்படித் தனியத்தான் நிக்க விடுவாங்களா என்று கேட்க வாயைத் திறக்கிறான். காற்றுத்தான் வருகிறது.