இருபத்தோராவது கிளிப்

மலையேற்ற ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஊரில் மலை இல்லாததால் எங்கள் ஐந்து மாடிப் படிக்கட்டையே மலையாக்கினேன். முதுகுப்பையில் பழைய ஆபீஸ் டைரிகள். எடை ஒரு யானைக்குட்டி இருக்கும். ஒவ்வொரு முறை மேலே போனதும் மொட்டைமாடிக் கொடியில் ஒரு துணிக்கிளிப்பை மாட்டுவேன். கொண்டுபோவது சரியாக இருபது.

கீழ்வாசலில் மனைவி எண்ணுவாள். "இருபதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஓட்டம் கிடையாது, ஷூவை ஒளிச்சு வச்சிடுவேன்."

இன்று இருபதாவது முறை, நாக்கு படிகளைப் பெருக்கிக்கொண்டே வர, ஏறிப் போனேன். கையில் கடைசிக் கிளிப். பத்தொன்பது இருக்க வேண்டிய கொடியில் ஏற்கெனவே இருபது இருந்தன. மூன்று தடவை எண்ணினேன். காற்றே இல்லை, கொடி ஆடிக்கொண்டிருந்தது. என்னுடையதையும் மாட்டி, வழக்கம்போல மாடிக்கதவைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.

"பரவாயில்லையே, இருபத்தொண்ணு!" என்று தோளைத் தட்டிக் கொடுத்தாள் மனைவி. "அதுல ஒரு தடவை மூச்சே வாங்காம ஏறுனீங்க. கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்ல."

"நானா?"

"பின்னே யாரு? ஆனா இறங்குனது இருபதுதான். கணக்கு உதைக்குதே."

சாவி என் பையில் பத்திரமாக இருக்கிறது. ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நின்றால், இன்னும் இறங்காத அவருக்கும் கால் வலிக்காமலா போகும்? நாளை முந்திவிடுவேன்.