மார்ச்சைச் சுற்றி ஒரு வட்டம்

காத்திருக்கிறவன் டாக்டராக முடியாது என்பது எல்லிஸ் க்ரூகரின் கண்டுபிடிப்பு. மருத்துவ உலகத்துக்கு இதுவரை அவன் அளித்திருக்கும் ஒரே கொடை அதுதான் என்பதால், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் அந்தச் சின்னக் கல்லூரி கேன்டீனில் தினம் ஒரு முறையாவது அதை அறிவித்துவிடுவான்.

"ஒரு வருஷம் கழிச்சு அப்ளை பண்ணலாம்னு ஒருத்தன் சொன்னா, பயந்துட்டான்னு அர்த்தம். வரலாற்றுல காத்திருந்து உருப்பட்டவன் ஒருத்தன் கிடையாது."

எதிரில் நோரீன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பதாக இருந்தாள். அதாவது, வரலாற்றில் இடம் இல்லாதவள்.

"சரிங்க டாக்டர்" என்றாள். "காலேஜ் என்ன, எழுந்து ஓடியா போயிடும்?"

"சீட்டு ஓடிடும், தாயே. முதல்ல வர்றவனை முதல்ல கூப்பிட்டு நிரப்பிக்கிட்டே போவாங்க. நீ வந்து சேர்றப்போ ஸ்டூல்கூட மிஞ்சாது."

அன்று மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களை அனுப்பலாம். எல்லிஸ் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டான். பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி.

"கட்டுரையைக் காட்டுடா" என்றாள் நோரீன். 'நான் ஏன் டாக்டராக விரும்புகிறேன்' என்று எல்லோரும் எழுத வேண்டிய கட்டுரை. அந்த வருஷம் வகுப்பில் பாதிப் பேருடைய கட்டுரையில் ஓர் அத்தையாவது செத்துப்போயிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். முதல் வரி: 'இந்த மார்ச் மாதம் என் அப்பா இறந்த காலையில், வாசலில் பனி உருகிக்கொண்டிருந்தது.'

வெண்ணெய்க் கத்தி அவள் கையிலேயே நின்றது.

"எல்லிஸ்... எங்க யார்கிட்டயும் நீ சொல்லவே இல்லையே."

"அதான் எழுதியிருக்கேனே."

"அழுதியா?"

"இல்ல. மார்ச்சுலேர்ந்து எதுவும் உறைக்கிறதில்ல. காபி நாக்கைச் சுட்டாக்கூட கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரியுது." வானிலை அறிக்கை வாசிப்பவனைப் போலச் சொன்னான்.

அவள் மறுபடி தாளுக்குள் குனிந்தாள். ஓரமெல்லாம் நடுங்கும் கையெழுத்தில் பென்சில் திருத்தங்கள். முதல் வரியில் 'மார்ச்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இதெல்லாம் யாரு திருத்தினது?"

"தெரிஞ்ச இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர். அவர் ரிட்டயர் ஆயிட்டார், பென்சில் இன்னும் ஆகல."

"மார்ச்சுல என்ன தப்பு?"

"தேதி விஷயத்துல மனுஷன் கொஞ்சம் கறார்." எழுந்து, கட்டி வாங்கியிருந்த தக்காளி சூப்பை எடுத்துக்கொண்டான். "வரேன். இது ஆறிடும்."

வீட்டுச் சமையல் மேடையில் மடிக்கணினியைத் திறந்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது. பன்னிரண்டானது. அதுவரை சாம்பல் நிறத்தில் கிடந்த பொத்தான் நீலமானது.

பொத்தானுக்கு மேலே சின்னதாக ஒரு கட்டம். 'மேற்கண்டவை அனைத்தும் இன்றைய தேதியில் உண்மை என உறுதி கூறுகிறேன்.' டிக் அடித்தால்தான் அனுப்ப முடியும்.

அம்புக்குறியைக் கட்டத்தின்மேல் கொண்டுபோய் வைத்தான். அங்கேயே வைத்திருந்தான். பன்னிரண்டேகால் ஆனது. இந்நேரம் ஆயிரம் பேராவது தன்னை முந்தியிருப்பார்கள் என்று தோன்றியது. அதுவும் உறைக்கவில்லை.

மடிக்கணினியைச் சத்தமில்லாமல் மூடினான். சூப்பைக் கோப்பையில் ஊற்றி, வளையும் ஸ்ட்ரா ஒன்றைப் போட்டு, முன்னறைக்கு எடுத்துப் போனான்.

சோபா இருந்த இடத்தில் இப்போது ஓர் இரும்புக் கட்டில் கிடந்தது. அதன் தலைமாட்டை உயர்த்தி, படுத்திருந்தவரின் வாயருகே ஸ்ட்ராவைப் பிடித்தான். அவர் காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

"அனுப்பிட்டியா?"

"இல்ல. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அவர் ஒரு வாய் உறிஞ்சி விழுங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"செப்டம்பரைத் தாண்டமாட்டேன்னுதானே மார்ச்சுல டாக்டர் சொன்னாரு?"

"ஆமா."

"அப்போ நீ எழுதின 'இந்த மார்ச்' சரியா வரணும்னா, அப்பா அடுத்த மார்ச் வரைக்கும் தாக்குப்பிடிக்கணுமேடா."