எந்தத் தெரு?

"சமையலுக்கு ஆள் வேணும்னு வெளியில எழுதிப் போட்டிருக்கீங்களே..."

மதியச் சாப்பாட்டு நேரம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த மெஸ்ஸில் ஓர் இடம்கூடக் காலியில்லை. வாசலில் நின்றவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கசங்கிய சேலை. கண்கள் வீங்கியிருந்தன.

கல்லாவில் இருந்த பாலசுந்தரம் அவளைப் பார்த்தார்.

முதல் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முத்தமிழ்செல்வன்தான் விசாரித்தார். அந்தக் கட்டடமே அவருடையது.

"பேரென்னம்மா?"

"வெற்றிச்செல்விங்க."

"எந்த ஊரு?"

"விக்கிரமங்கலங்க."

"அங்க எந்தத் தெரு?"

அவள் ஒரு தடவை பாலசுந்தரத்தைப் பார்த்தாள்.

"காலனிங்க."

சோற்றில் ரசத்துக்குக் குழி செய்துகொண்டிருந்த முத்தமிழ்செல்வனின் விரல்கள் அப்படியே நின்றன.

"பாலு, நம்மாளு கடைன்னுதான் ஒனக்கு எடத்தையே குடுத்தேன். இவங்கள்லாம் அதுக்காகத்தான் வர்றாங்க. இதுங்க அடுப்படியில கை வெச்சுச்சு, நாளைக்கே நீ ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சிரித்தார் முத்தமிழ்செல்வன். பக்கத்து மேசையும் சிரித்தது.

"ஆள் எடுத்தாச்சு. கெளம்பு" என்றார் பாலசுந்தரம்.

"ரெண்டு நிமிஷம் பின்னால வந்தீங்கன்னா..."

"அதான் இல்லேன்னு சொல்லிட்டேன்ல! நாலு பேரு சாப்புடுற எடத்துல வந்து நின்னுக்கிட்டு... போ வெளியில!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினாள்.

"இப்பிடித்தான் கறாரா இருக்கணும்" என்ற முத்தமிழ்செல்வன், இன்னொரு கரண்டி கூட்டு கேட்டு வாங்கினார்.

ஐந்து நிமிடம் கழித்து, பாத்திரம் கழுவும் சந்துக்கு பாலசுந்தரம் வந்தார். கையில் சாப்பாட்டுப் பொட்டலம். வெற்றிச்செல்வி சுவரோரம் நின்றிருந்தாள்.

"இந்தா, புடி" என்றார். "பதினெட்டு வருஷமா நான் யாருன்னு இங்க ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கசிஞ்சா கடை போச்சு. பேசி வெச்சிருக்கற எம் பொண்ணு கல்யாணமும் போச்சு. வேலை வேணும்னா ஊர்ல வேற கடையே இல்லையா? நீதான் சின்னப் புள்ள, ஒங்கம்மாவுக்காவது புத்தி வேணாம்?"

அவள் பொட்டலத்தை வாங்கவில்லை.

"அம்மா விடியக்காலையில செத்துப்போச்சு மாமா. பொறந்த வூட்டுக் கோடித்துணி நீங்க கொண்டாந்து போட்டாத்தான் தூக்குவாங்க. நீங்க இங்க இருக்கறது அம்மாவ விட்டா எனக்கு மட்டுந்தான் தெரியும், நானே வந்தேன். உள்ள அத்தனை பேரு இருந்தாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாமதான் வேலை கேட்டேன்."