காலி வாளி

அதிகாரி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே கைவிட்டுத் தடவி, விரலை முகர்ந்தும் பார்த்தார். மீன் வாடை துளிகூட இல்லை.

"ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன் மேடம்," என்றார் முதலாளி. "தீனியே இல்லாம இறங்கறோம். ஒரு சுறா நம்ம பக்கம் எட்டிப் பார்த்தாலும் அனுமதியை ரத்து பண்ணிடுங்க."

அனுமதி போனால் அவர் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். சுற்றுலா வருபவர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போய், அவர்கள் கண்முன்னே சுறாக்களுக்கு மீன் கொடுத்துக் காட்டுவதுதான் பதினைந்து வருடமாக அவர் பிழைப்பு. அப்படித் தின்று பழகிய சுறாக்கள் இப்போது தீனி கேட்டு மனிதர்களிடம் வருகின்றன, போன மாதம் ஒன்று தன் காலைக் கவ்வப் பார்த்தது என்று ஒரு நீச்சல்காரர் புகார் எழுதிப் போட்டிருந்தார். அதை விசாரிக்கத்தான் அதிகாரி வந்திருந்தார்.

"வாசனைக்கு வரும், தின்னும், போகும். நம்மளை ஞாபகம் வச்சுக்க அதுங்க என்ன சொந்தக்காரங்களா மேடம்?"

அதிகாரி சிரிக்கவில்லை. "படகு நல்லா இருக்கு. சத்தமே இல்லை," என்றார்.

"பாட்டரி படகு. என் மச்சினனோடது. என்னோடது பழசு, பட்டறையில விட்டிருக்கேன்."

படகை ஓட்டிக்கொண்டிருந்த மச்சினன் பெருமையாகத் தலையாட்டினான்.

வழக்கமாகத் தீனி போடும் இடத்தில் அதிகாரியும் முதலாளியும் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அரை மணி நேரம் மணலில் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். ஓர் ஆமை வந்தது, இவர்களிடம் ஒன்றும் தேறாது என்று போய்விட்டது. போன வாரம்கூடப் பன்னிரண்டு சுறாக்கள் சுற்றிய அந்த இடத்தில் ஒன்றின் வால்கூடத் தென்படவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? தீனி இல்லன்னா நாம யாரோ, அதுங்க யாரோ!" என்றார் முதலாளி, மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும்.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரப்பர் ஸ்டாம்பை உங்க கடை மேஜையிலேயே வச்சுட்டேன் போலிருக்கே," என்று பையைத் துழாவினார் அதிகாரி.

"அக்கா கடையிலதானே இருக்கா? போன் போட்டுக் கொண்டு வரச் சொல்றேன்," என்றான் மச்சினன்.

"அப்ப அதுவரைக்கும் கொஞ்சம் நீந்தறேன். நிஜத்தைச் சொன்னா, காலையில வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் கிளம்பினேன். இனிமே என்ன பயம்?" என்று அதிகாரி மறுபடி தண்ணீரில் குதித்தார்.

மச்சினன் போனை வைத்தான். "அக்கா ஸ்டாம்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா மாமா."

"எதுல?"

"உங்க படகுலதான். ஒரு கோளாறும் இல்லன்னு பட்டறைக்காரர் காலையிலயே திருப்பி அனுப்பிட்டாராம்."

முதலாளி படகின் விளிம்புக்குப் பாய்ந்தார். "மேடம், மேலே வந்துடுங்க!"

"ஏன், சுறாவா?" மல்லாந்து மிதந்தபடி முதல்முறையாகச் சிரித்தார் அதிகாரி. "அதான் கையெழுத்தே போட்டுட்டேனே. இன்னும் பத்து நிமிஷம்."

தூரத்தில் பழைய டீசல் எஞ்சினின் தடதடப்புக் கேட்டது. உண்மையைச் சொன்னால் அனுமதி போகும். சொல்லாவிட்டால் என்னென்ன போகுமோ!

சத்தம் நெருங்கியது. அவர் மச்சினனின் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினார்.

"எஞ்சினை நிறுத்தச் சொல்லுடா, அதுங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்!"