எந்த லாங்குவேஜ்?

"எந்த லாங்குவேஜ்ல பண்ணலாம்? எல்லாரும் மனசுல பட்டதச் சொல்லுங்க" என்றான் ரித்தீஷ்.

"தமிழ்ல பண்ணிருங்க தம்பி. ஒடியாக்காரப் புள்ளைகளுக்கு ஒடியாவுலயும் வெச்சுருங்க" என்றாள் வேலாத்தாள்.

ஏசி அறையே சிரித்தது. பனியன் கம்பெனி முதலாளி அர்த்தநாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய மகன் ரித்தீஷ் பெங்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். விவரம் தெரியாதவர்கள்மேல் அவனுக்கு எப்போதும் இரக்கம் உண்டு.

"அக்கா, நான் கேட்டது பேசற லாங்குவேஜ் இல்லீங்க. சர்வர்ல ஓடற புரோகிராம் லாங்குவேஜ்."

வேலாத்தாள் அயர்ன் செக்ஷன் சூப்பர்வைசர். தொழிலாளர்களின் புகாரை வெப்சைட்டில் வாங்க வேண்டும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டார். அதனால் தொழிலாளர் சார்பில் அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். உட்கார வைத்ததோடு சரி.

"பிஎச்பி போதுங்க. நம்ம பழைய பக்கமெல்லாம் அதுலதான் ஓடுது" என்றார் டேனியல். பன்னிரண்டு வருடமாக அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர்.

"டேனியலுங்ணா, அது கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் சரக்கு. காதர்பேட்டைல கொட்டி விக்கறாங்களே, அந்த மாதிரி. பைத்தான்தான் எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

இரண்டு மணி நேரம் இதே வாக்குவாதம். நடுவில் வேலாத்தாள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"மொதலாளிங்க, ரெண்டாம் நம்பர் அயர்ன் டேபிள்ல கரண்ட் அடிக்குதுங்க."

"அதையெல்லாம் இங்க பேசாதீங்கக்கா" என்றான் ரித்தீஷ். "சைட் ரெடியானதும் அதுல போடுங்க. சிஸ்டம்னு ஒண்ணு பின்ன எதுக்கு?"

கடைசியில் பைத்தான் ஜெயித்தது. முதலாளி மகன் சொன்னது தோற்றிருந்தால்தான் அதிசயம்.

கேசரி, மிக்சரோடு சைட்டைத் திறந்தார்கள். செக்ஷனுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்; போனை அதன்மேல் காட்டினால் பக்கம் வரும். பக்கம் முழுக்க இங்கிலீஷ். மூன்றாவது கட்டத்தில்தான் புகாரை எழுத வேண்டும் என்று டேனியலிடம் கேட்டு வந்து, வேலாத்தாள் எல்லோருக்கும் கட்டத்தை எண்ணிக் காட்டினாள்.

ஒரு மாதம் கழித்து ரித்தீஷைத் தேடிப் போனாள்.

"தம்பி, டேபிளப் பத்திப் போட்டமுங்க. யாருமே வந்து பாக்கலீங்க."

"ஒண்ணுமே வரலியேக்கா. மொதல்ல போன்ல ஒழுங்காப் போடப் பழகுங்க."

மூன்றாம் மாதம், அந்த டேபிளில் அயர்ன் பண்ணும் ராமுத்தாயைக் கரண்ட் தூக்கி அடித்தது. பிழைத்ததே பெரிது. கையில் கட்டோடு அவளை அதே ஏசி அறையில் நிறுத்தி விசாரித்தார்கள்.

"சைட் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்ல" என்றான் ரித்தீஷ். "டேபிள் கெட்டிருந்தா எழுதியிருக்க மாட்டாங்களா? ஈரக்கையோட தொட்டிருப்பாங்க. இந்த மாதிரி ஆளை வெச்சிருந்தா நமக்குத்தான் வம்பு. வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிருங்கப்பா."

"சரி, நின்னுக்கட்டும்" என்றார் அர்த்தநாரி.

"நான் எழுதுனேன் சார்!" ராமுத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. "இந்தக் கையாலதான் சார் எழுதுனேன். வேலைய மட்டும் எடுத்துராதீக!"

டேனியல் சும்மா இருக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எதையோ தட்டினார்.

"குப்பைன்னு ஒதுக்கி வெச்சதுல அறுபத்து மூணு கெடக்குதுங்க."

திரையில் வரிசையாக ஓடியது:

????? ?????? ???? ?????????

"அது வெறும் குப்பைங்ணா. புரியாததையெல்லாம் அங்க தள்ளற மாதிரி நான்தான் எழுதி வெச்சேன்" என்றான் ரித்தீஷ். அப்போதும் அவன் குரலில் பெருமைதான் இருந்தது.

வேலாத்தாள் திரைக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள்.

"நாலாந்தேதி, பதினொண்ணு இருவது. டீ டைமுங்க. பக்கத்துல நின்னு நான்தான் கட்டத்தக் காட்டுனேன். இது ராமுத்தா போட்டதுங்க. அடுத்தது நான் போட்டது. அதுக்கடுத்ததும் நான்தானுங்க."

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் ஏன் கேள்விக்குறியா வந்திருக்கு?"

"இங்கிலீஷ் தவிர வேற எழுத்து எது வந்தாலும் கேள்விக்குறி ஆயிருதுங்க. தம்பி எழுதுனது அப்படி" என்றார் டேனியல்.

"இவங்க எந்த லாங்குவேஜ்லதான் எழுதித் தொலைச்சாங்க?" என்றார் அர்த்தநாரி.

வேலாத்தாள் முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு இதே ரூம்புல எல்லாருமாச் சேந்து சிரிச்சீங்களே, அந்த லாங்குவேஜ்லதானுங்க."