பன்னிரண்டாவது தொட்டி

"போச்சு! பதினொண்ணும் போச்சு! எல்லாம் என் கண்ணு முன்னாடியே போச்சு!"

கணவரின் அலறல் கேட்டு, சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் மனைவி. "யாருங்க? யாரு போனது?"

"செம்பருத்தி."

அவள் கரண்டியை ஓங்கினாள். "பொம்மைச் செடிக்கா இந்தக் கூப்பாடு? எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு! பெத்த பொண்ணுகிட்ட நல்லதா ஒரு வார்த்தை பேசத் தெரியல, செடியை மட்டும் கொஞ்ச வந்துட்டாரு!"

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வீடு. அதன் கூடத்தில் பன்னிரண்டு தொட்டிகள். பதினொன்றில் செடிகள் அழுகித் தலைசாய்ந்துவிட்டன. கடைசித் தொட்டியில் ஓர் எலுமிச்சைக் கன்று மட்டும், கிளம்பலாமா என்று யோசிக்கிற விருந்தாளியைப் போல நின்றது.

அது மகள் கட்டிய வீடு. விளையாட்டுதான். ஆனால் அதிலும் மனிதர்கள் சமைப்பார்கள், தூங்குவார்கள், வீட்டுக்குள்ளேயே செடி வளர்ப்பார்கள். அதில் அப்பாவுக்கு மீசைகூட வைத்திருந்தாள், நிஜத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக.

பதினாலு மாதங்களுக்கு முன்னால், இந்த மாதிரி விளையாட்டுகளுக்குப் படம் வரைகிற வேலை கிடைத்திருக்கிறது, வெளியூர் போகிறேன் என்றாள். "பொம்மைக்குத் தண்ணி ஊத்துறதெல்லாம் ஒரு வேலையா? போனா அப்படியே போயிடு" என்றார் அப்பா. ஒருநாளும் அவர் பேச்சைக் கேட்காத மகள் அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டாள். போன் நம்பர் மாறிவிட்டது. தெரிந்த விலாசத்துக்கு அவர் போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு பொம்மைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலையாயிற்று. திரையின் ஓரத்தில் மகள் ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது: 'ஒரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். மறந்தால் வாடும். அதிகமானால் அழுகும்.' ஒரு செடி உயிரோடு இருந்தாலும் அதைப் பார்க்கவாவது ஒருநாள் வருவாள் என்று அவராக ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காக வளர்ந்தன. இந்த இரண்டு மாதமாகத்தான் வரிசையாக விழுகின்றன.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அழுகுதுன்னா தண்ணி ஜாஸ்தி சார்" என்றார் கடைக்காரர்.

"யார்கிட்ட பேசுறே? முப்பத்திரண்டு வருஷமா ஊர்த் தண்ணி வால்வு என் கையில!"

உண்மைதான். ஊரே அவரை வால்வுக்காரர் என்றுதான் கூப்பிடும். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒன்பது தெருக் குழாய்களும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். ஒரு வீட்டுக்கு ஒரு சொட்டு கூடுதலாகப் போய்விட்டதென்று, நேரில் போய்த் திரும்ப வாங்கிவந்தார் என்பார்கள். அந்தச் சொட்டைப் பார்த்தவர்களும் உண்டு.

"ஒரே ஒரு தடவைதான் தப்பு நடந்துச்சு. காலை ஷிப்டுக்காரன் தண்ணி விட்டது தெரியாம சாயங்காலம் நானும் விட்டுட்டேன், ஒன்பது தெருவும் குளம். அன்னையிலேருந்து, விட்டவன் சக்கரத்துல சிவப்புத் துணி கட்டிட்டுத்தான் போகணும்னு வச்சோம். என் பொண்ணு சின்னதுல நான்தான் கட்டுவேன்னு கூடவே ஓடிவருவா. அவுந்துடும்னு ரெண்டு முடிச்சுப் போடுவா. எனக்கா தண்ணி அளவு தெரியாது?"

"கோவப்படாதீங்க சார். பாஸ்வேர்டைச் சொல்லுங்க, கடையிலேருந்தே திறந்து பார்த்துடறேன்."

"அது எனக்கும் என் பொண்ணுக்கும் மட்டுந்தான் தெரியும். என் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல." போனை வைத்துவிட்டார்.

எலுமிச்சையின் கீழ் இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாப்பிட வாங்க."

"என் கை ராசியில்லாத கைடி. பெத்ததும் தங்கல, பெத்தது விட்டுட்டுப் போனதும் தங்கல. இனிமே இதைத் தொடமாட்டேன். செத்தா அதுவாச் சாகட்டும், நான் கொன்னதா இருக்க வேணாம்."

மனைவி ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் சோற்றை மூடிவைத்தாள்.

நாலு நாள் அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டார். சவரம் நின்றது. ஒன்பது தெருக்களிலும் தண்ணீர் நூல்போல மெலிந்து வந்தது. வீட்டுக்கு முன்னால் குடத்தோடு வந்து நின்றவர்கள்கூட, அவரைப் பார்த்ததும் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் துண்டை எடுத்தார்.

"இந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துடலாம். கடைசியா ஒரு தடவை செடி முகத்தைப் பார்த்துக்கறேன்" என்றார், சாவு வீட்டுக்குக் கிளம்புகிறவர் குரலில்.

வீடு திறந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டினார்.

எலுமிச்சையில் நாலு புதுத் தளிர். மண் கறுத்து, ஈரமாக இருந்தது.

"ஏய், இங்க வா! இதுக்கு நீ தண்ணி விட்டியா?"

"நல்லாக் கேட்டீங்க! எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே தெரியாதே!"

மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தொட்டியின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது, இரண்டு முடிச்சுப் போட்டு.